சொக்லேட் தின்ற நாய்: தேயிலை மலையில் என்ன செய்வது?

தீபாவளி தொடங்கி நத்தார் முடியும் வரையில் மலையகத்து லயங்களுக்கு சொக்லேட் வந்துகொண்டே இருக்கும். கொழும்புக் கடைகளில் வேலை செய்யும் பிள்ளைகள் ஹட்டனில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது கையில் ஒரு பை இருக்கும். குவைத்துக்கோ சவூதிக்கோ வீட்டு வேலைக்குப் போன அம்மா விடுமுறையில் வந்தால் பெட்டியில் பாதி சொக்லேட்தான். ஏப்ரல் பிறந்து நுவரெலியாவில் வசந்த காலக் கூட்டம் சேர்ந்துவிட்டால், கிறகரி வாவிக் கரையிலிருந்து விக்டோரியா பூங்கா வரை குப்பைத் தொட்டிகள் தின்பண்டத் தாள்களால் நிரம்பி வழியும். வீட்டு வாசலாக இருந்தாலும் குப்பைத் தொட்டியாக இருந்தாலும் பக்கத்தில் ஒரு நாய் நிற்கும்.

லயத்து நாய்க்குச் சங்கிலி கிடையாது, கூடு கிடையாது, பல வேளைகளில் ஒரே சொந்தக்காரரும் கிடையாது. ஒரு வீட்டில் ரொட்டித் துண்டு, அடுத்த வீட்டில் பழைய சோறு என்று லயமே சேர்ந்து வளர்க்கிறது. மரக்கறிப் பாத்தியில் காட்டுப்பன்றி இறங்கினால் குரைப்பது அது. இரவில் சிறுத்தை வந்தால் முதலில் அறிவதும், பல நேரம் அந்தச் சிறுத்தைக்கே இரையாவதும் அதுதான். ஆகவே அது என்ன தின்றது, எப்போது தின்றது என்று உடனே சொல்ல ஆள் இருப்பது அரிது. மேல்நாட்டு மிருக வைத்திய நூல்கள், ஒரு வீடு, ஒரு நாய், ஒரு கார், பத்து நிமிடத் தூரத்தில் ஒரு வைத்தியர் என்ற நிலையை மனதில் வைத்தே அறிவுரை சொல்கின்றன. மஸ்கெலியாவிலோ பொகவந்தலாவையிலோ இருப்பவருக்கு அந்த அறிவுரையின் பாதிதான் பயன்படும். மற்றப் பாதியை நம் பாதைக்கும் நம் சம்பளத்துக்கும் ஏற்றபடி நாமே எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நாய்க்குச் சொக்லேட் ஆகாது என்ற செய்தி கைத்தொலைபேசி வழியாக இப்போது எல்லோரையும் எட்டிவிட்டது. ஆகாது என்றால் எவ்வளவு ஆகாது என்பது மட்டும் எட்டவில்லை. அதனால் இரண்டு தவறுகள் நடக்கின்றன. ஒரு துண்டு பால் சொக்லேட்டை நாய் விழுங்கியதற்கே குழந்தைகள் அழ, வீடு பதறிப்போகிறது. இன்னொரு பக்கம், "நம்ம நாய் எத்தனையோ தரம் தின்னிருக்கு, ஒண்ணும் ஆகல" என்று சொல்லி, குட்டி நாய் கொக்கோத் தூள் பக்கெட்டைக் கிழித்த நாளிலும் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். இரண்டு பேரும் தாங்கள் கண்டதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் தின்ற வகையும் அளவும் நாயின் நிறையும் மாறும்போது விளைவு தலைகீழாக மாறுகிறது. அந்தக் கணக்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

சொக்லேட்டில் நாய்க்குக் கேடு செய்வது தியோபுரோமின் என்ற பொருள். 1841இல் ரஷ்ய வேதியியலாளர் அலெக்சாண்டர் வொஸ்கிரெசென்ஸ்கி அதைக் கொக்கோ விதையிலிருந்து பிரித்தெடுத்தார். அதற்கு 22 ஆண்டுகள் முன்பே, 1819இல், ஜெர்மனியின் ரூங்கெ கோப்பியிலிருந்து கஃபீனைப் பிரித்திருந்தார். 1888இல் அல்பிரெக்ட் கோசெல் தேயிலையிலிருந்து தியோபிலினைக் கண்டெடுத்தார். மூன்றும் ஒரே குடும்பம். மெதில்சாந்தின்கள் என்று அழைக்கப்படுபவை. கோப்பி, கொக்கோ, தேயிலை ஆகிய மூன்று பயிர்களின் பெயரையும் சேர்த்துப் படிக்கும் மலையகத்துக்காரருக்கு இது வெறும் வேதியியல் செய்தியாகத் தெரியாது. 1820களில் கம்பளைப் பக்கத்தில் தொடங்கிய கோப்பித் தோட்டங்களுக்காகத்தான் நம் முன்னோர் தமிழகத்திலிருந்து மன்னார் வழியாக நடந்து வந்தார்கள். 1869இல் இலைத்துரு நோய் வந்து கோப்பி அழிந்தபோது துரைமார் கொக்கோவை மாத்தளை, தும்பறைப் பக்கங்களில் நட்டார்கள். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தொடங்கிய தேயிலை, கடைசியில் மலை முழுவதையும் மூடிக்கொண்டது. மனிதரைத் தூங்கவிடாமல் உழைக்கவைக்கும் பொருளைத் தரும் செடிகள் இவை மூன்றும். அந்தப் பொருளே நாயின் இதயத்தைக் கெடுக்கிறது.

நமக்கு ஒன்றும் செய்யாதது நாயை ஏன் கொல்ல வேண்டும்? நம் ஈரல் தியோபுரோமினை ஏழெட்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைத்துவிடுகிறது. நாயின் ஈரலுக்கு அதே வேலைக்குப் பதினேழு மணி நேரத்துக்கும் மேல் தேவை. அது மட்டுமல்லாமல், குடலில் இருந்து ஈரலுக்குப் போனது பித்தத்தோடு மறுபடியும் குடலுக்கு வந்து திரும்பவும் உறிஞ்சப்படுகிறது. சிறுநீர்ப்பைக்குப் போனதிலும் ஒரு பகுதி அதன் சுவர் வழியாக இரத்தத்துக்குத் திரும்புகிறது. உடலை ஓய்ந்திருக்கச் சொல்லும் அடினோசின் என்ற பொருளின் வேலையை இந்த நஞ்சு தடுக்கிறது. தசைக் கலங்களுக்குள் கல்சியம் ஏறுகிறது. இதயம் ஓடுகிறது, தசைகள் துடிக்கின்றன, உடல் சூடேறுகிறது. இரண்டு மூன்று நாள் வரை இது நீளலாம். நேற்று இரவு தின்ற நாய் இன்று மாலையிலும் ஆபத்தில் இருக்க முடியும் என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

இனிக் கணக்கு. நாயின் உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் அளவு தியோபுரோமினும் கஃபீனும் சேர்ந்தால் வாந்தி, வயிற்றோட்டம், அமைதியின்மை தொடங்கும். 40 முதல் 50 வரை போனால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். 60ஐத் தாண்டினால் வலிப்பு வரும். 100 முதல் 200 வரை என்பது பாதி நாய்கள் இறக்கக்கூடிய அளவு. அதற்குக் கீழேயும் இறந்தவை உண்டு. இனிப்பான பால் சொக்லேட்டில் ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 2.3 மில்லிகிராம் இருக்கிறது. கறுப்புச் சொக்லேட்டில் ஐந்தரை, கேக் செய்யப் பயன்படும் சீனி சேர்க்காத கட்டியில் 15, கொக்கோத் தூளில் 28 வரை. வெள்ளைச் சொக்லேட்டில் கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை. மாத்தளைப் பக்கம் பூந்தோட்டத்தில் கொட்டப்படும் கொக்கோ விதைத் தோலில் ஒன்பது இருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

தோட்டத்துக் கடையில் கிடைக்கும் கண்டோஸ், ரிட்ஸ்பரி, எட்னா வகைகளில் 100 கிராம் பால் சொக்லேட் கட்டி ஒன்றை 15 கிலோ நாய் முழுதாகத் தின்றால் கிலோவுக்கு 15 மில்லிகிராம்தான் ஆகிறது. வயிறு கலங்கலாம், உயிருக்கு ஆபத்து வர வாய்ப்பில்லை. அதே கட்டியை ஐந்து கிலோக் குட்டி தின்றால் 46 ஆகிவிடுகிறது, அது இதயத்தைத் தொடும் அளவு. கறுப்புச் சொக்லேட் என்றால் பெரிய நாய்க்கு 37, குட்டிக்கு 110. ஒரு சின்ன 25 கிராம் கொக்கோத் தூள் பக்கெட் குட்டிக்கு 140. இந்த எண்களை மனதில் வைக்க முடியாதவர்கள் வேறு விதமாக வைத்துக்கொள்ளலாம்: நாயின் ஒவ்வொரு கிலோவுக்கும் பால் சொக்லேட் எட்டு கிராம், கறுப்புச் சொக்லேட் மூன்றரை கிராம், கொக்கோத் தூள் ஒரு கிராமுக்கும் குறைவு. அங்கேதான் தொல்லை தொடங்குகிறது.

நாயின் நிறை தெரியாதே என்று யாரும் தயங்க வேண்டாம். நாளுக்கு 18, 20 கிலோ கொழுந்து எடுத்து மடுவத்தில் நிறுத்துப் பழகிய பெண்கள் நாயைத் தூக்கிப் பார்த்தாலே நிறை சொல்லிவிடுவார்கள். பட்டணத்து நாய் வளர்ப்பாளர்களுக்கு இல்லாத திறமை இது. இல்லையென்றால் கொழுந்துத் தராசே இருக்கிறது. ஒரு சாக்கில் நாயை இருத்தி நிறுத்தால் முடிந்தது.

சொக்லேட்டைப் பற்றி இவ்வளவு பேசிய பிறகு, மலையகத்தில் அதைவிட அதிகம் பேச வேண்டியது அடுப்படித் தட்டில் இருக்கும் தேயிலைத்தூள் டின்னைப் பற்றி. உலர்ந்த தேயிலைத்தூளில் நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு வீதம் கஃபீன். அதாவது ஒரு கிராமில் 20 முதல் 40 மில்லிகிராம் வரை. கொக்கோத் தூளும் தேயிலைத்தூளும் இந்த விடயத்தில் ஒரே தரம். பால் சொக்லேட்டைவிட ஏறத்தாழப் பத்து மடங்கோ அதற்கு மேலோ. நாய்க்குக் கஃபீன் தியோபுரோமினைவிட இளைத்ததல்ல. கிலோவுக்கு 140 மில்லிகிராம் பாதி நாய்களைக் கொல்லும். பத்து கிராம் தூள் ஐந்து கிலோக் குட்டிக்கு வலிப்பு வரக்கூடிய அளவு. கசப்பு காரணமாக நாய் வெறும் தூளை நாடுவதில்லை என்பது நம் நல்ல காலம். ஆனால் தூளோடு சீனியும் பால்மாவும் ஒரே பையில் இருந்து பை கிழிந்தால், அல்லது பால் தேநீர் வடித்த சக்கையை வாசலில் கொட்டினால், கசப்பு மறைந்துவிடுகிறது. வடித்த சக்கையில் கஃபீனில் பெரும்பகுதி போய்விட்டது உண்மை. ஒரு கரண்டிச் சக்கையை நக்கினால் பயப்பட வேண்டாம். திருவிழாவுக்கு அண்டா நிறையத் தேநீர் போட்டு அந்தச் சக்கையைக் குவியலாகக் கொட்டும் இடத்தில் குட்டிகளை விடக் கூடாது. ரொட்டியைத் தேநீரில் தோய்த்து நாய்க்குப் போடும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். ஒரு தம்ளரில் 50 மில்லிகிராம் அளவு கஃபீன் இருக்கிறது. பெரிய நாய்க்கு அது ஒன்றுமில்லை, மூன்று கிலோக் குட்டிக்கு ஒன்றுமில்லை என்று சொல்ல முடியாது.

இதே வரிசையில் இன்னொன்று, குளிர் மலையில் பல வீடுகளில் இருக்கும் ஆஸ்துமா மாத்திரை. கோசெல் தேயிலையிலிருந்து பிரித்த தியோபிலின்தான் அவற்றில் பலவற்றில் இருப்பது. மிருக வைத்தியர்களே நாட்பட்ட இருமல் உள்ள நாய்களுக்கு அதை அளந்து கொடுக்கிறார்கள். மாத்திரை அட்டையை நாய் கடித்து நொறுக்கியிருந்தால் சொக்லேட் கணக்கு பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. அட்டையோடு நாயைக் கொண்டு போக வேண்டும்.

அறிகுறிகள் இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் மெல்லத் தொடங்கி, ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் முழுதாக வெளிப்படும். முதலில் நாய் ஓரிடத்தில் நிற்காது, தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கும், அடிக்கடி சிறுநீர் கழிக்கும், வாந்தி எடுக்கும். பிறகு மூச்சிரைப்பு, நடுக்கம், கால்கள் விறைத்த நடை, உடற்சூடு. கடைசியில் வலிப்பு. பின்தொடையின் உட்பக்கத்தில் விரலை வைத்தால் நாடி தெரியும். பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்க வேண்டும். ஓய்வாகப் படுத்திருக்கும் நாய்க்கு 140ஐத் தாண்டினாலோ, நாடி விட்டு விட்டு அடித்தாலோ ஆபத்து.

நடுங்கிக்கொண்டு வாயில் நுரை தள்ளும் நாயை லயத்தில் பார்த்தவுடன் எழும் முதல் சொல் 'விசர்', அதாவது நீர்வெறுப்பு நோய். உடனே தடி தேடுவார்கள். இந்த இடத்தில் நின்று நிதானிக்க வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். 1893ஆம் ஆண்டிலேயே நீர்வெறுப்பு நோய்க் கட்டளைச் சட்டம் கண்ட நாடு இது. ஆனால் அந்த நோய் இன்னும் முற்றாக ஒழியவில்லை, நாய்க்கடியால் மனிதர் இறப்பதும் நிற்கவில்லை. அதனால் அந்தப் பயத்தைத் தவறு என்று சொல்ல முடியாது. வேறுபாட்டைத் தெரிந்துகொண்டால் மனிதரும் பிழைப்பார், நாயும் பிழைக்கும். நீர்வெறுப்பு நோய் நாட்கணக்கில் வளர்வது: நாயின் குணம் மாறும், குரல் மாறும், தாடை தொங்கும், விழுங்க முடியாமல் எச்சில் ஒழுகும். பத்து நாளுக்குள் இறந்துபோகும். காலையில் வாலாட்டிய நாய் மாலையில் நடுங்கினால், பக்கத்தில் கிழிந்த சொக்லேட் தாளோ தூள் பையோ கிடந்தால், நஞ்சைத்தான் முதலில் நினைக்க வேண்டும். அப்படியிருந்தாலும் வாய்க்குள் கையை விடக் கூடாது. தடுப்பூசி போட்டதா என்று தெரியாத நாயாக இருந்தால், ஒரு அறையிலோ மாட்டுக் கொட்டகையிலோ தனியாக அடைத்து, ஆட்களை விலக்க வேண்டும். யாரையாவது கடித்துவிட்டால், கடிவாயை ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலைக்கோ நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலைக்கோ அன்றே போக வேண்டும். எந்தச் சந்தேகமும் அதைத் தள்ளிப்போடக் காரணமாகக் கூடாது.

விசரைவிட அதிகம் குழப்பக்கூடியவை தோட்டத்து மருந்துகள். 2008க்கும் 2011க்கும் இடையில் பரகுவாட், டைமெதோயேட், பென்தியோன் ஆகியவை படிப்படியாக நிறுத்தப்பட்டன. 2015இல் கிளைபோசேட் தடை வந்து, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தளர்த்தப்பட்டது. ஆனாலும் பூச்சிமருந்துகள் வேறு பல உண்டு. மரக்கறிப் பாத்திகளில் நத்தைக்கு வைக்கும் மெற்றல்டிஹைட் குறுணை நாயைச் சொக்லேட் போலவே நடுங்கவைத்துச் சூடேற்றும். பொஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்து என்றால் கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், எச்சிலும் கண்ணீரும் மலமும் அடக்கமில்லாமல் போகும். சொக்லேட்டிலும் தேயிலையிலும் கண்மணி விரியும். இந்த ஒரு அடையாளத்தை வைத்தியரிடம் தொலைபேசியில் சொன்னாலே அவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும். மருந்து அடித்த மலைப்பக்கம் நாய் போய்வந்தது என்று தெரிந்தால் கணக்குப் பார்க்க நேரமில்லை, புறப்பட வேண்டியதுதான்.

என்ன செய்வது என்ற கேள்விக்கு வருவோம். முதலில் மிச்சமிருக்கும் சொக்லேட்டை எடுத்து, மற்ற நாய்களை விரட்டி, கிழிந்த தாள்களைப் பொறுக்கிச் சேர்க்க வேண்டும். தாளில் வகையும் கிராமும் எழுதியிருக்கும். எத்தனை தாள் காணவில்லை என்பதும் தெரியும்; அதுவும் முக்கியம், ஏனென்றால் தாளையும் சேர்த்து விழுங்கிய நாய்க்குக் குடல் அடைப்பு வரலாம். எப்போது தின்றது என்பதைக் குழந்தைகளிடம் திட்டாமல் கேட்க வேண்டும். திட்டினால் உண்மை வராது. பிறகு தொலைபேசி.

யாருக்கு அழைப்பது? மாடு வளர்க்கும் வீட்டில் அந்த எண் இருக்கும். கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் அரச மிருக வைத்திய அலுவலகங்கள் மலையகத்தில் பெரும்பாலும் பால் மாடுகளுக்காக ஓடிக்கொண்டிருப்பவை. மாட்டுக்குச் சினை ஊசி போட வருபவருக்கும் வைத்தியரின் எண் தெரியும். நாய்க்கான மருந்து எல்லாம் அங்கே இல்லாமல் போகலாம், ஆனால் எவ்வளவு, எப்போது, எத்தனை கிலோ என்ற மூன்று விடையும் தயாராக இருந்தால் புறப்படுவதா வேண்டாமா என்று அவர் சொல்லிவிடுவார்.

வாந்தி எடுக்கவைப்பது பற்றித்தான் கருத்து வேறுபாடு அதிகம். தின்று இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேற்றினால் பெரும்பயன் என்பதில் வைத்தியர்கள் ஒத்துப்போகிறார்கள். சொக்லேட் வயிற்றில் உருகிக் கட்டியாகத் தங்குவதால் அதற்குப் பிறகும் சில மணி நேரம் பயன் உண்டு. வைத்தியர் அபோமோர்பின் ஊசி போட்டால் சில நிமிடத்தில் வாந்தி வந்துவிடும். வீட்டில் செய்வதென்றால் 3 வீத ஹைட்ரஜன் பெரொக்சைட் கரைசலைக் கிலோவுக்கு ஒன்று முதல் இரண்டு மில்லிலீற்றர், எவ்வளவு பெரிய நாயாக இருந்தாலும் 45க்கு மேற்படாமல், கொடுக்கலாம் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். அது இரைப்பையின் உட்சுவரைப் புண்ணாக்குகிறது என்று மற்றவர்கள் எதிர்க்கிறார்கள். என் கருத்து: வைத்தியர் ஒரு மணி நேரத் தூரத்துக்குள் இருந்தால் அதைத் தொடவே வேண்டாம். மேல் டிவிஷனில் இரவில் மாட்டிக்கொண்டு, தொலைபேசியில் வைத்தியர் சொன்னால் மட்டும் கொடுக்கலாம். பாமசிப் புட்டியில் 20 வால்யூம் என்று இருந்தால் அது 6 வீதம். சம அளவு தண்ணீர் கலக்காமல் கொடுத்தால் தொண்டை வெந்துவிடும். நாய் ஏற்கெனவே நடுங்கினாலோ, சோர்ந்து விழுந்தாலோ, வலிப்பு வந்திருந்தாலோ வாந்தி எடுக்கவைக்கக் கூடாது. அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். பங்களாக்களில் வளர்க்கும் பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கும் இதே எச்சரிக்கை.

நம் வீடுகளில் கைக்கு வரும் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டும். உப்புக் கரைசல் இரத்தத்தில் சோடியத்தை ஏற்றித் தானே வலிப்பை உண்டாக்கும். தேங்காய் எண்ணெயும் பாலும் நஞ்சை முறிப்பதில்லை; வாயில் பலவந்தமாக ஊற்றினால் நுரையீரலுக்குப் போகும். அடுப்புக் கரியை அரைத்துக் கொடுப்பவர்கள், வைத்தியர்கள் கொடுக்கும் கரியும் இதுவும் ஒன்று என்று நினைக்கிறார்கள். வைத்தியசாலையில் கொடுப்பது நுண்துளைகள் நிறையும்படி தனியாகப் பதப்படுத்திய கரி. அடுப்புக் கரிக்கு நஞ்சைப் பிடித்துவைக்கும் ஆற்றல் இல்லை. அந்த நல்ல கரியையும்கூட முன்பு பல தடவை கொடுத்தார்கள். அது உடலின் நீரை இழுத்துச் சோடியத்தை உயர்த்துவதால் இப்போது அளந்துதான் கொடுக்கிறார்கள். புளிக் கரைசலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். திராட்சையும் முந்திரிகை வற்றலும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று நெடுநாளாகத் தெரிந்தாலும் எதனால் என்று தெரியாமல் இருந்தது. 2021இல் அமெரிக்க நச்சியல் வைத்தியர்கள் அதற்குத் தார்த்தாரிக் அமிலத்தைக் காரணமாக முன்வைத்தார்கள். அடுத்த ஆண்டு புளி தின்ற நாய்களின் சிறுநீரகமும் அதே மாதிரி கெட்டதை எழுதினார்கள். புளியில் அந்த அமிலம் ஏராளம். நஞ்சு தின்ற நாய்க்கு இன்னொரு நஞ்சை ஊற்றுவதாகிவிடும். முந்திரிகை வற்றல் நிறைந்த நத்தார் கேக்கும் சொக்லேட்டோடு சேர்ந்தே நினைக்க வேண்டியது. அதற்கு, சொக்லேட்டுக்கு இருப்பது போல நம்பத்தக்க கிலோக் கணக்கு இல்லை; கொஞ்சம் தின்றாலும் வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

புறப்பட வேண்டியவை எவை? கணக்கில் கிலோவுக்கு 20ஐத் தாண்டியவை அருகிலுள்ள மிருக வைத்தியரிடம், இரண்டு மணி நேரத்துக்குள். 40ஐத் தாண்டியவை, நடுக்கம் தொடங்கியவை, தூள் தின்ற குட்டிகள், வயதான நாய்கள், இதய நோய் உள்ளவை ஆகியன சொட்டு மருந்தும் இதயக் கண்காணிப்பும் உள்ள இடத்துக்கு. மலையகத்திலிருந்து அது பெரும்பாலும் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலை. ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகவும், நுவரெலியாவிலிருந்து றம்பொடை, புசல்லாவை வழியாகவும் இறங்க வேண்டும். மழையும் மூடுபனியும் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கும் மேல். முன்கூட்டியே அழைத்துச் சொல்லிவிட்டுப் போவது நல்லது. வழியில் முதலில் வரும் மிருக வைத்தியரிடம் நிறுத்தி வாந்தி ஊசியை மட்டும் போட்டுக்கொண்டு தொடர்வது இன்னும் நல்லது.

ஒரு நாள் சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாகவும் 2024இல் 1,350 ரூபாவாகவும் ஆக எத்தனை போராட்டம் தேவைப்பட்டது என்பது நமக்குத் தெரியும். ஓட்டோ பிடித்துப் பேராதனைக்குப் போய்வருவது பல நாள் சம்பளம். "நாய்க்குப் போய் இவ்வளவா" என்று கேட்பவரைக் கல்நெஞ்சர் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அவருக்காகவே இந்தக் கணக்கு முக்கியமாகிறது. பால் சொக்லேட் தின்ற பெரிய நாயை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று தெரிந்தால் அந்தப் பணம் மிஞ்சும். அது மிஞ்சினால்தான் குட்டி கறுப்புச் சொக்லேட்டைத் தின்ற நாளில் தயங்காமல் செலவழிக்க முடியும். லிவர்பூல் பல்கலைக்கழகத்தினர் 2017இல் வெளியிட்ட ஆய்வில், பிரித்தானியாவில் நத்தார் காலத்தில் சொக்லேட் தின்ற நாய்கள் வைத்தியரிடம் வருவது மற்ற நாட்களைவிட நான்கு மடங்கு என்று கண்டார்கள். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை உயிருக்கு ஆபத்தான அளவைத் தின்றிருக்கவில்லை.

பேராதனையில் சேர்ந்த நாய்க்கு இந்த நஞ்சை முறிக்கும் தனி மருந்து எதுவும் கிடையாது. நடுக்கத்துக்கு டயசிபாம், துடிப்பு மிகுந்தால் இதய மருந்து, உடலிலுள்ள நஞ்சைக் கழுவிவிட சேலைன். சிறுநீர்ப்பையில் தேங்கினால் நஞ்சு திரும்புவதால் அதைக் குழாய் வைத்தோ வெளியே நடத்தியோ காலி செய்துகொண்டே இருப்பார்கள். வீட்டில் வைத்துப் பார்ப்பவர்களும் செய்ய வேண்டியது இதே வேலைதான்: தண்ணீர் தாராளமாக வைத்து, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் கயிற்றில் கட்டிச் சிறுநீர் கழிக்க அழைத்துப் போக வேண்டும். இரவில் டோர்ச்சோடு இரண்டு பேராகப் போவது நல்லது. சிறுத்தை நடமாடும் இடங்களில் தனியாகப் போகவே கூடாது. உடல் சூடானால் ஈரத்துணியால் பாதத்தையும் வயிற்றையும் துடைக்கலாம். நுவரெலியாவின் ஜனவரிக் குளிரில் பீலித் தண்ணீரை மேலே ஊற்றிவிடக் கூடாது. மருந்து வீட்டில் வாங்கி மிச்சம் வைத்த எரித்ரோமைசின் மாத்திரையை எந்தக் காரணத்துக்காகவும் கொடுக்கக் கூடாது. அது நஞ்சு வெளியேறுவதைத் தாமதப்படுத்தும்.

ஒரு நாள் கடந்து நாய் அமைதியாகத் தூங்கிவிட்டால் பெரும்பாலும் தப்பியது. அதற்குப் பிறகும் இரண்டு மூன்று நாள் குழைந்த வெறும் சோறும் தோல் நீக்கி அவித்த கோழியும் போதும். கருவாடு, எண்ணெய்க் கறி வேண்டாம். சொக்லேட்டின் கொழுப்பு கணையத்தைக் கெடுப்பது சில நாள் கழித்துத்தான் தெரியவரும். முன்னங்கால்களை நீட்டி, பின்பக்கத்தை உயர்த்தி, வயிற்று வலியோடு நிற்கும் நாய், மறுபடி வாந்தி எடுக்கும் நாய், சோற்றைப் பார்த்துத் திரும்பிக்கொள்ளும் நாய் ஆகியவற்றை அந்த வாரத்துக்குள் மீண்டும் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.